ஆலை வாசலில் விளைந்த ஆட்டம்

1998-ம் ஆண்டு செப்டம்பரில் இருங்காட்டுக்கோட்டையில் செய்த ஹூண்டாய் சான்ட்ரோ கார் விற்பனைக்கு வந்தது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமியில் கொரியாக்காரர்கள் வந்து கார் செய்கிறார்கள் என்பது ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்குப் பெரிய செய்தி. அதே ஆண்டு டிசம்பரில், பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் இந்தியா அதே கொரியாவைத் தோற்கடித்துத் தங்கம் வென்றது. 1966-க்குப் பிறகு 32 ஆண்டுகள் கழித்து வந்த தங்கம் அது. அணித் தலைவர் தன்ராஜ் பிள்ளை. புனேவுக்குப் பக்கத்தில், கட்கி என்ற ஊரின் வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை.

இந்த இரண்டையும் அன்றைக்கு யாரும் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள். இன்றைக்குச் சேர்த்துப் பார்க்கக் காரணம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் வரை நீளும் தொழிற்பேட்டைகளுக்கு வயது கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, செல்போன் என்று இங்கே செய்யாத பொருள் குறைவு. இங்கே வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் வளர்ந்து, அவர்களும் வேலைக்குப் போகிற காலம் வந்துவிட்டது. ஓர் ஆலை, பொருளோடு சேர்த்து ஓர் ஆட்டக்காரரையும் உருவாக்க முடியும் என்பதற்கு தன்ராஜின் வாழ்க்கையே சாட்சி. இந்தத் தடத்திலிருந்து அப்படி ஒருவர் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பதற்கு, அவர் எப்படி வந்தார் என்பதை முதலில் பார்த்தாக வேண்டும்.

கட்கி மைதானம்

கட்கி ஒரு ராணுவக் குடியிருப்பு ஊர். 1869-ல் வெள்ளைக்காரர்கள் அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை தொடங்கினார்கள். புனே, கட்கி இரண்டிலும் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போன குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. நாகலிங்கம் பிள்ளையும் ஆண்டாளம்மாவும் அப்படிப்பட்ட குடும்பத்தார். நாகலிங்கத்துக்குத் தொழிற்சாலை மைதானத்தைப் பராமரிக்கும் வேலை. 1968 ஜூலை 16-ல் அவர்களுக்கு நான்காவது மகனாகப் பிறந்தவர் தன்ராஜ்.

மைதானம் பார்த்துக்கொள்கிற வேலை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சின்ன வேலையாகத் தெரியும். காலையில் கல் பொறுக்கி, மேடு பள்ளம் நிரவி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு இழுத்து வைத்தால்தான் மாலையில் ஆட்டம் நடக்கும். அந்த வேலையைச் செய்பவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மைதானம் என்பது வீட்டு வாசலின் தொடர்ச்சி. யாரும் வரச் சொல்லவும் வேண்டாம், போகச் சொல்லவும் மாட்டார்கள்.

நல்ல மட்டை வாங்கித்தர வீட்டில் வழியில்லை. பெரியவர்கள் உடைத்துப்போட்ட மட்டையும், இனி ஆகாது என்று விட்டெறிந்த பந்தும்தான் அண்ணன் தம்பிகளுக்குக் கிடைத்தன. தரையோ மண். மழை பெய்தால் சேறு. அந்தத் தரையில் பந்து நேராக ஓடாது; எங்கே குதிக்கும், எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. அதனால் பந்தை மட்டையை விட்டு விலகவிடாமல் ஒட்டவைத்துக்கொண்டே ஓட வேண்டும். பின்னாளில் உலகமே பார்த்து வியந்த தன்ராஜின் டிரிப்ளிங் இந்தக் கட்டாயத்தில் பிறந்தது என்றே நான் நினைக்கிறேன். அவர் தன் ஆதர்சமாகச் சொன்னது முகமது ஷாகித்தை. காசிக்காரரான ஷாகித், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர். அவருடைய மட்டை வேலையைப் பார்த்துப் பார்த்துத் தன் மட்டைக்குக் கொண்டுவரப் பாடுபட்டார் பையன்.

அந்த ஊரில் ஹாக்கி ஆடிய பிள்ளை அவர் ஒருவர் மட்டும் இல்லை. அண்ணன் ரமேஷ் இந்தியாவுக்கு ஆடியவர். பின்னாளில் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் அணியில் தன்ராஜோடு இடம்பிடித்த விக்ரம் பிள்ளையும் அந்த வட்டாரத்தில் வளர்ந்தவர்தான். ஒரு மைதானம் திறந்தே கிடந்தால் ஒருவரோடு நிற்காது, வரிசையாக வருவார்கள்.

மகிந்திரா கொடுத்த வேலை

1980-களின் நடுவில் தன்ராஜ் மும்பைக்குப் போனார். அண்ணன் ரமேஷ் அங்கே ஆர்.சி.எஃப். உரக் கம்பெனி அணிக்காக லீக் ஆட்டங்கள் ஆடிக்கொண்டிருந்தார். தம்பியைக் கூட்டிவந்து, மட்டை பிடிக்கும் முறையிலிருந்து எதிராளியின் கண்ணைப் பார்த்து ஏமாற்றும் வித்தை வரை பக்குவப்படுத்தியது அண்ணன்தான். அதன் பிறகு மகிந்திரா அண்ட் மகிந்திரா அணி. அங்கே பயிற்சியாளராக இருந்தவர் ஒலிம்பிக் வீரர் ஜோக்கிம் கார்வாலோ. கட்கியில் தானாக முளைத்த ஆட்டத்துக்குக் கார்வாலோவின் கையில் ஒழுங்கு வந்தது.

ஜீப்பும் டிராக்டரும் செய்யும் ஒரு கம்பெனி எதற்காக ஹாக்கி அணி வைத்திருந்தது? அந்தக் காலத்து மும்பையில் அப்படிக் கேட்பவர்கள் இல்லை. ரயில்வே, விமான நிறுவனம், உரக் கம்பெனி, மோட்டார் கம்பெனி எல்லோரிடமும் அணி இருந்தது. ஆடத் தெரிந்த பையனுக்கு வேலை. மாதம் முடிந்தால் சம்பளம். ஆட்டம் இருக்கிற நாளில் லீவு. ஆடி முடித்த பிறகும் வேலை. ஏழை வீட்டுப் பிள்ளை ஒருவன் இருபது வயதில் ஹாக்கியை நம்பலாமா கூடாதா என்று முடிவெடுக்கிற நேரத்தில், இந்த ஏற்பாடுதான் அவன் பக்கம் நின்றது. திறமை கட்கியின் மண்ணிலிருந்து வந்தது என்றால், அந்தத் திறமை பசியில் கருகிவிடாமல் காத்தது கம்பெனி வேலை. இதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெரம்பூர் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி. என்று நம் ஊரிலும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வாங்கி அதில் குடும்பத்தைக் கரையேற்றிய ஆட்டக்காரர்கள் நிறையப் பேர்.

1989 டிசம்பரில் டெல்லியில் நடந்த ஆசியக் கோப்பையில் தன்ராஜ் இந்தியாவுக்காக முதன்முதலாகக் களம் இறங்கினார். வயது 21. கடைசியாக இறங்கியது 2004 ஆகஸ்டில், ஏதென்ஸில். இடையில் ஏறக்குறைய 15 ஆண்டுகள், 339 சர்வதேச ஆட்டங்கள். அடித்த கோல் எத்தனை என்பதற்கு ஹாக்கி கூட்டமைப்பு அந்நாளில் ஒழுங்கான கணக்கே வைக்கவில்லை. 170 என்று புள்ளிவிவரக்காரர்கள் சொல்கிறார்கள். நாட்டுக்காக ஒருவர் 15 ஆண்டு ஓடியிருக்கிறார், அடித்த கோலை எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் இல்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு சாம்பியன்ஸ் டிராபி, நான்கு ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்த நான்கையும் நான்கு முறை ஆடியவர் அவர் ஒருவர்தான்.

பந்து வந்ததும் எழுந்து நின்ற கூட்டம்

எண்களை வைத்து தன்ராஜைப் புரிந்துகொள்ள முடியாது. அவர் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு முதலில் நினைவு வருவது தோளில் புரளும் முடி. அடுத்து ஓட்டம். நடுக்களத்தில் பந்து கிடைத்ததும் இடுப்பை வளைத்து, தலையைத் தூக்கியபடியே ஓடத் தொடங்குவார். பந்து மட்டையின் இடமும் வலமும் தட்டிக்கொண்டே வரும். எதிராளி காலை எந்தப் பக்கம் ஊன்றுகிறான் என்று பார்த்து, அந்தக் கால் தரையில் இறங்குகிற நொடியில் மறுபக்கம் போய்விடுவார். முழு வேகத்தில் இதைச் செய்தார் என்பதுதான் பெரிது. நின்று நிதானித்து ஏமாற்ற நிறையப் பேரால் முடியும். பந்து அவரிடம் போனதும் கேலரியில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். சென்னை ரசிகர்களுக்கு இது நேரில் கிடைத்தது. 1996 டிசம்பரில் சாம்பியன்ஸ் டிராபி எழும்பூர் மைதானத்தில் நடந்தது. இந்தியா நான்காம் இடம்தான். ஆனாலும் அந்த நாட்களில் எழும்பூருக்குப் போனவர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள்.

அவர் பாஸ் கொடுக்க யோசிக்கிறார், தானே கொண்டுபோகப் பார்க்கிறார் என்று ஒரு குற்றச்சாட்டு அவரை விடாமல் தொடர்ந்தது. அதில் உண்மையும் உண்டு. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல் வந்த பிறகு ஹாக்கி வேறு ஆட்டமாகிவிட்டது. சமமான தரை, வேகமான பந்து, நீண்ட பாஸ், உடல் வலு. ஐரோப்பியர்களும் ஆஸ்திரேலியர்களும் அதற்கு ஏற்றபடி தங்களை மாற்றிக்கொண்டார்கள். அந்நாளில் இந்தியாவில் இருந்த செயற்கைப் புல் தரைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிள்ளைகள் மண்ணில் கற்று, போட்டிக்கு மட்டும் புல்லில் இறங்கினார்கள். தன்ராஜ் இரண்டு காலத்துக்கும் நடுவே நின்ற மனிதர். மண்ணில் கற்ற கைவேலையைச் செயற்கைப் புல்லின் வேகத்தில் செய்து காட்டினார். 1994 சிட்னி உலகக் கோப்பை முடிந்து அறிவித்த உலக அணியில் இடம்பெற்ற ஒரே இந்தியர் அவர். தன்னைச் சுற்றியிருந்த அணியும் அமைப்பும் அந்த வேகத்துக்கு வந்து சேரவில்லை என்றால், பந்தை வைத்துக்கொண்டு அவர் வேறென்ன செய்திருக்க முடியும்?

ஜெர்மனி, பிரான்ஸ், இங்கிலாந்து, மலேசியா, வங்கதேசம், ஹாங்காங் என்று அவர் ஆடாத கிளப் ஊர்கள் குறைவு. இந்தியாவில் ஹாக்கிக்குச் சரியான வருமானம் இல்லாத காலத்தில் அந்த கிளப்புகள் அவருக்குச் சோறு போட்டன, ஆட்டத்தையும் கூர்மையாக்கின.

தங்கம் வாங்கியவர்களுக்கு ஓய்வு

பாங்காக் இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரம் முடிந்தும் வெற்றி தோல்வி தெரியவில்லை. பெனால்டி ஸ்ட்ரோக்கில் கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால் கொரியர்களைத் தடுத்து நிறுத்த, இந்தியா வென்றது. 1990-ல் பெய்ஜிங், 1994-ல் ஹிரோஷிமா என்று இரண்டு முறை வெள்ளியோடு திரும்பிய தன்ராஜுக்கு இந்த முறை தங்கம், அதுவும் கேப்டனாக.

அடுத்து நடந்ததைத்தான் இந்தியா மறக்கக் கூடாது. 1999 தொடக்கத்தில் பாகிஸ்தானோடு ஒரு தொடர் இருந்தது. அதற்கு அறிவித்த அணியில் தன்ராஜ் இல்லை. அவரோடு சேர்த்து மூத்த வீரர்கள் 6 பேரும் இல்லை. தங்கம் வாங்கிக்கொடுத்த பயிற்சியாளர் எம்.கே.கௌசிக்கும் இல்லை. வீரர்களுக்கு ஓய்வு கொடுத்திருப்பதாகக் கூட்டமைப்பு சொன்னது. ஆட்டத்துக்கு ஆட்டம் ஊதியம் வேண்டும், போட்டிக்கு முன் ஒழுங்கான தயாரிப்பு வேண்டும் என்று வீரர்கள் வாய் திறந்து கேட்டதற்குக் கிடைத்த பதில் அது என்பதே விளையாட்டு உலகம் அன்று புரிந்துகொண்ட விதம். நான் அதையே நம்புகிறேன்.

தன்ராஜுக்கு நாக்கில் பூட்டு கிடையாது. பயிற்சியாளரோ அதிகாரியோ, தவறு என்று பட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். பத்திரிகைக்காரர்கள் முன்னாலும் சொல்வார். கோபக்காரர் என்று பெயர். சில நேரம் அந்தக் கோபம் அணிக்கே பாரமாகவும் ஆனதுண்டு. ஆனால் பாங்காக்குக்குப் பிறகு அவர் கேட்டது தனக்காக மட்டும் இல்லை. நாட்டுக்கு ஆடுகிறவனுக்கு நாள்படி கூட ஒழுங்காக வராத நிலையை மாற்றச் சொல்லிக் கேட்டார். உழைத்தவன் கூலியைப் பற்றிப் பேசினால் உற்பத்தி கெட்டுவிடும் என்கிற குரல், தொழிற்பேட்டைப் பக்கம் வாழ்பவர்களுக்குப் பழக்கமானதுதான்.

ஒதுக்கிவைத்தவர்களால் அவரை நிரந்தரமாக ஒதுக்க முடியவில்லை. திரும்பி வந்தார். 1999-2000-க்கான கேல் ரத்னா விருது கிடைத்தது. ஹாக்கியிலிருந்து அந்த விருதைப் பெற்ற முதல் ஆள் அவர். அந்த விருதுக்கும் நம் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரு துயரத் தொடர்பு உண்டு. 1991 மே 21 இரவு இந்த ஊரில் உயிர்விட்ட ராஜீவ் காந்தியின் பெயரில்தான் அதே ஆண்டு அது ஏற்பட்டது. முதலில் வாங்கியவர் நம் விஸ்வநாதன் ஆனந்த். 2021 ஆகஸ்டில் பெயரை மாற்றி, ஹாக்கி மேதை தியான் சந்த் பெயரை வைத்தார்கள்.

மட்டையைக் கீழே வைத்தால் லாரி

அயர்லாந்தில் ஹர்லிங் என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. ஹாக்கிக்குப் பெரியப்பா பிள்ளை மாதிரி. ஆஷ் மரத்தில் செய்த அகன்ற மட்டை, தோல் பந்து, பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம், ஆகாயத்தில் அடிக்கலாம். 1884-ல் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம் அதை நடத்துகிறது. டப்ளினில் 82,000 பேருக்கு மேல் உட்காரும் குரோக் பார்க் மைதானம் இறுதி ஆட்டத்துக்கு நிரம்பி வழியும். அத்தனை பெரிய ஆட்டம், ஆனால் ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. கார்க் மாவட்டத்தின் கிறிஸ்டி ரிங், அந்த ஆட்டம் கண்ட மிகப் பெரிய வீரர் என்று பலரும் சொல்கிறவர், பிழைப்புக்கு ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் லாரி ஓட்டினார். 10 முறை அகில அயர்லாந்துப் பட்டம் வென்று 2015-ல் ஓய்வுபெற்ற கில்கென்னி வீரர் ஹென்றி ஷெஃப்லின் வங்கி ஊழியர்.

சம்பளம் இல்லாமல் அந்த ஆட்டம் எப்படி நிற்கிறது? ஊருக்கு ஊர் கிளப், கிளப்புக்குச் சொந்தமாக மைதானம். பிறந்த ஊர் கிளப்புக்கு ஆடுவார்கள், அங்கிருந்து மாவட்டத்துக்கு ஆடுவார்கள், ஓய்வுபெற்ற பிறகு அதே மைதானத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அயர்லாந்தில் ஊர் செய்த வேலையை இந்தியாவில் ஆலையும் ரயில்வேயும் வங்கியும் செய்தன. கட்கியின் தொழிற்சாலை மைதானம், தன்ராஜுக்கு அந்த ஊர் கிளப்பாக இருந்தது.

சிட்னியில் ஒரு மாலை

2000 சிட்னி ஒலிம்பிக். போலந்தை வென்றால் அரையிறுதி. ஹாக்கியில் போலந்து பெரிய பெயர் இல்லை. இந்தியா 1-0 என்று முன்னால் நின்றது. ஆட்டம் முடியப் போகிற தறுவாயில் போலந்து சமன் செய்தது. அவ்வளவுதான், பதக்க வாய்ப்பு போயிற்று. தன்ராஜ் அன்று கதறி அழுதார். மூன்றாவது ஒலிம்பிக், வயது 32. அந்த நாளுக்குப் பிறகும் நான்கு ஆண்டு அவர் ஓடினார் என்பதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

2002-ல் கொலோன் சாம்பியன்ஸ் டிராபி. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானிடம் தோற்றது. ஆனால் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் தன்ராஜ் பிள்ளை. 34 வயதில், உலகின் தேர்ந்த அணிகள் மட்டும் ஆடும் போட்டியில் கிடைத்த பட்டம் அது. அதே ஆண்டு பூசான் ஆசியப் போட்டியில் கொரியாவிடம் இறுதியில் தோற்று இன்னொரு வெள்ளி. 2003-ல் கோலாலம்பூர் ஆசியக் கோப்பையில் அவர் தலைமையில் இந்தியா பாகிஸ்தானை 4-2 என்று வென்றது. ஆசியக் கோப்பை இந்தியாவுக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை.

பிறகு ஏதென்ஸ். போட்டிக்குக் கொஞ்ச நாள் முன்னால் கெர்ஹார்ட் ராக் என்ற ஜெர்மானியரைப் பயிற்சியாளராக்கினார்கள். தன்ராஜுக்குப் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சுதான். கடைசி ஆட்டத்தில் சில நிமிடங்களுக்கு மட்டும் களத்தில் இறக்கினார்கள். 15 ஆண்டு ஆடியவருக்கு விடைகொடுத்த விதம் அது. இந்தியா ஏழாம் இடம். அவருடைய வாழ்க்கை வரலாற்றை சந்தீப் மிஸ்ரா 2007-ல் எழுதினார். நூலின் பெயர் ‘ஃபர்கிவ் மீ அம்மா’.

ஒலிம்பிக் பதக்கம் இல்லாத ஒருவரைப் பெரிய வீரர் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 1980-ல் மாஸ்கோ தங்கத்துக்குப் பிறகு இந்திய ஹாக்கி அடுத்த ஒலிம்பிக் பதக்கத்தைப் பார்த்தது 2021-ல், டோக்கியோவில். 41 ஆண்டு வறட்சி. அந்த வறட்சியின் நட்ட நடுவில் 15 ஆண்டு இந்திய ஹாக்கியை மக்கள் பார்க்கும்படி வைத்திருந்தவர் தன்ராஜ். அவர் ஆடியிராவிட்டால் டோக்கியோவில் ஆடிய தலைமுறையில் எத்தனை பேர் மட்டையைக் கையில் எடுத்திருப்பார்கள்?

ஒரகடத்தில் ஷிப்ட் முடியும்போது

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஒரகடம் சந்திப்பில் ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்று பார்த்தால் தெரியும். கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. கழுத்தில் ஐடி கார்டு, முதுகில் பை, காதில் ஹெட்போன். இறங்குபவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருக்கிறார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், அரியலூர், தூத்துக்குடி, அதற்கும் வடக்கே ஒடிசா, பிகார். பள்ளியில் கபடி, வாலிபால், ஹாக்கி என்று ஏதாவது ஒன்றை ஆடியவர்கள் இந்தக் கூட்டத்தில் கட்டாயம் இருப்பார்கள். அறைக்குப் போய், சமைத்துச் சாப்பிட்டு, தூங்கி, அடுத்த ஷிப்டுக்கு எழுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. இல்லாவிட்டால், வற்றிய ஏரியில் மூன்று குச்சி நட்டு கிரிக்கெட்.

இந்தத் தடத்தில் விளையாட்டுக்கு என்று உலகத் தரத்தில் ஒன்று இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை மோட்டார் பந்தயத் தளம், 1990-ல் திறந்தது. அது நாட்டுக்கே பெருமை. ஆனால் லைனில் நிற்கும் பையன் மாலையில் நடந்துபோய் ஆடுகிற இடம் இல்லை அது.

பெரம்பூரும் ஆவடியும் வேறு காலத்து ஆலைகள். 1955-ல் ஐ.சி.எஃப். வந்தபோது பெட்டி செய்யும் ஆலையோடு குவார்ட்டர்ஸ், பள்ளி, ஆஸ்பத்திரி, ஸ்டேடியம் எல்லாம் சேர்ந்து வந்தன. தொழிலாளி அங்கேயே குடியிருந்தார். பிள்ளை அங்கேயே வளர்ந்தது. கட்கியும் அப்படித்தான். ஸ்ரீபெரும்புதூர் தடம் அந்த மாதிரி இல்லை. இங்கே நிலம் கம்பெனிக்கு, தங்குவது வாடகை அறையில், வேலை பாதிப்பேருக்குக் கான்ட்ராக்டில். ஒன்றிரண்டு ஆண்டில் ஊரை விட்டுப் போகிறவன் எந்த மைதானத்தைத் தன்னுடையது என்பான்?

மாற்றம் கொஞ்சம் தெரிகிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் பெரிய விடுதியை முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். சிப்காட் கட்டியது, செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். இவ்வளவு இளம் பெண்கள் ஒரே இடத்தில் தங்குவது இந்த நாட்டில் வேறு எங்கே? கோவில்பட்டிப் பக்கம் ஹாக்கி மட்டை பிடித்த பெண்ணும், மணப்பாறைப் பக்கம் கபடி ஆடிய பெண்ணும் செல்போன் பாகம் கோக்க இங்கே வந்திருக்கலாம். அவர்களில் ஓர் அணிக்கு 16 பேர் தேறமாட்டார்களா?

தமிழ்நாட்டில் ஹாக்கி இறந்துபோகவில்லை. தீப்பெட்டி ஆலைகளின் ஊரான கோவில்பட்டி தன் மைதானத்தை விடாமல் காப்பாற்றியது. அங்கே பயின்ற மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூர்க்காரர் கார்த்தி செல்வமும் நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2022 ஆசியக் கோப்பையில் தமிழ்நாட்டின் பெயரை இந்திய அணிக்குக் கொண்டுபோனார்கள். கார்த்தி தன் முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராக கோல் அடித்தார். 2023-ல் எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி நடந்தது, இந்தியா வென்றது. 2025-ல் ஜூனியர் உலகக் கோப்பையைச் சென்னையும் மதுரையும் நடத்தின. ஸ்டேடியம் நிரம்புகிறது. எழும்பூரிலிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கும் தொழிற்பேட்டையில் அதன் சத்தம் கேட்கவில்லை.

ஒரு ஹாக்கி களம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். சுற்றிலும் விடவேண்டிய இடத்தைச் சேர்த்தாலும் 2 ஏக்கருக்குள் அடங்கும். பெரிய கம்பெனி ஒன்றின் வாகன நிறுத்துமிடம் இதைவிடப் பெரிது. சிப்காட் ஒதுக்கும் நூற்றுக்கணக்கான ஏக்கரில் 2 ஏக்கர் கேட்பது அதிகம் இல்லை. கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டிய பணத்தில் செயற்கைப் புல் போடலாம். இரவு ஷிப்ட் போகிறவர் மாலையிலும், பகல் ஷிப்ட் முடித்தவர் இரவிலும் ஆட வேண்டுமானால் விளக்குக் கம்பம் வேண்டும். பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை 4 மணிக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். மாவட்ட லீக் ஆட்டம் இருக்கிற நாளில் லைன் சூப்பர்வைசர் லீவு தர வேண்டும். அணியில் ஆடுகிற பையனையும் பெண்ணையும் கான்ட்ராக்டில் வைக்காமல் கம்பெனி ரோலில் எடுக்க வேண்டும். தன்ராஜுக்கு மகிந்திராவில் கிடைத்த வேலையைப் போல. களத்தைப் பராமரிக்க வருபவருக்கும் அப்படியொரு நிரந்தர வேலை, குடும்பத்தோடு தங்க அங்கேயே ஒரு வீடு.